விண்டோஸ் 11 ஏற்காத கணினிக்கு லினக்ஸ் மின்ட் சரிப்படுமா?

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. ஐந்தாம், ஆறாம், ஏழாம் தலைமுறை இன்டெல் மடிக்கணினி வைத்திருப்பவர்கள் முன்னால் இப்போது ஒரே கேள்விதான்: புது மெஷின் வாங்குவதா, இதையே வேறு வழியில் ஓட்டுவதா? ஓட்டலாம். விண்டோஸுக்குப் பதிலாக ஏற்றும் இலவச இயங்குதளங்களில் நல்ல தேர்வு லினக்ஸ் மின்ட் 22 வரிசையின் சினமன் பதிப்பு. ஆனால் இன்ஸ்டால் செய்யும் முன் மேஜையில் உள்ள பிரிண்டர், பையில் உள்ள டிஜிட்டல் கையொப்ப டோக்கன், தினமும் திறக்கும் மென்பொருள் ஆகிய மூன்றையும் பார்த்துவிட வேண்டும். மின்ட்டுக்குப் போய்த் திரும்பி வருபவர்களைத் திருப்பி அனுப்புவது பெரும்பாலும் இவற்றில் ஒன்றுதான். மின்ட் திரையோ மெனுவோ யாரையும் அதிகம் சிரமப்படுத்துவதில்லை.

விண்டோஸ் 11 மீதான குறைகள்

முதல் குறை கதவிலேயே தொடங்குகிறது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப், பழைய பயாஸின் இடத்தில் வந்த யுஇஎஃப்ஐ, நம்பகமான மென்பொருளை மட்டும் பூட் ஆக விடும் செக்யூர் பூட், 4 ஜிபி ரேம் ஆகியவற்றோடு, அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் உள்ள பிராசஸரும் வேண்டும். இன்டெல் என்றால், ஓரிரு விதிவிலக்குகள் போக, எட்டாம் தலைமுறை முதல்தான் அந்தப் பட்டியல் தொடங்குகிறது. ஏழாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி எல்லாம் இருந்தும் கணினி வெளியே நிற்கும். அதே சமயம் எட்டாம் தலைமுறைக்குப் பிந்தைய மெதுவான செலரான் 4 ஜிபி ரேமுடன் உள்ளே போய்விடும். வேகத்துக்கும் இந்த விதிக்கும் சம்பந்தமில்லை. தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய இலவச மடிக்கணினிகளில் பழையவை எல்லாம் இந்த வாசலைத் தாண்டாதவை. அவற்றில் பல இன்னும் வீடுகளில் வேலை செய்கின்றன.

ரூஃபஸ் என்ற கருவியால் பென் டிரைவ் தயாரிக்கும்போது டிபிஎம், செக்யூர் பூட், ரேம் சோதனைகளை நீக்கும் பெட்டியில் டிக் அடித்தால், பழைய கணினியிலும் விண்டோஸ் 11 ஏறும். மாதாந்திரப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் வரும். ஆனால் ஆண்டுதோறும் வரும் பெரிய பதிப்பு தானாக வராது. ஒவ்வொரு முறையும் அதே வேலையைக் கையால் திரும்பச் செய்ய வேண்டும். இப்படி ஏற்றியதற்கு ஆதரவு எதுவும் கிடையாது என்று மைக்ரோசாஃப்ட் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. 24எச்2 பதிப்பு முதல், எஸ்எஸ்இ 4.2 கட்டளைத் தொகுதி இல்லாத கோர் 2 டுவோ காலத்துப் பிராசஸர்களில் பூட்டே ஆகாது. கணினியைப் பராமரிக்கத் தெரிந்தவர் வீட்டிலேயே இருந்தால் இந்த வழி பரவாயில்லை. அப்பா அம்மாவின் கணினியில் இப்படி ஏற்றிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போவது சரியில்லை.

இரண்டாவது குறை, மைக்ரோசாஃப்ட் கணக்கு. ஹோம் பதிப்பில் கணக்கில்லாமல் அமைக்க முன்பு பல குறுக்கு வழிகள் இருந்தன. 2025-ல் வந்த சோதனைப் பதிப்புகளில் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார்கள். இதோடு பின்னிக்கொண்டு வருவது டிஸ்க் குறியாக்கம். 24எச்2-வைப் புதிதாக இன்ஸ்டால் செய்து மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், தகுதியுள்ள கணினிகளில் டிவைஸ் என்கிரிப்ஷன் கேட்காமலேயே இயங்கத் தொடங்கும். 48 இலக்க மீட்புச் சாவி அந்தக் கணக்கில்தான் இருக்கும். கடைக்காரர் தன் மின்னஞ்சலில் கணக்கு தொடங்கிக் கொடுத்திருந்தாலோ, உரிமையாளர் கடவுச்சொல்லை மறந்திருந்தாலோ, பயாஸ் அப்டேட்டுக்குப் பின் நீலத்திரை சாவி கேட்கும் அன்று டிஸ்க்கில் உள்ள அனைத்தும் போனதுதான். விண்டோஸ் 11-லேயே இருக்கப் போகிறவர்களும் இன்றைக்கே தங்கள் கணக்கில் நுழைந்து அந்தச் சாவியைக் காகிதத்தில் எழுதி வைக்க வேண்டும்.

மூன்றாவது ஒன்டிரைவ். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஆகிய மூன்று ஃபோல்டர்களையும் அது தன் கீழ் இழுத்துக்கொள்ளும். இலவச இடம் 5 ஜிபி. கல்யாண ஆல்பம் ஒன்றே அதை நிரப்பிவிடும். பிறகு இடம் வாங்கச் சொல்லி எச்சரிக்கைகள் வரும். சலித்துப்போய் பேக்கப்பை நிறுத்தினால் டெஸ்க்டாப் வெறுமையாகத் தெரிவதுண்டு. பயப்பட வேண்டாம். ஃபைல்கள் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் இருக்கும் டெஸ்க்டாப் ஃபோல்டரில் இருக்கும். கையால் இழுத்து வெளியே போட வேண்டும். ஸ்டார்ட் மெனுவின் பரிந்துரைப் பகுதியில் 2024 ஏப்ரல் முதல் ஸ்டோர் செயலிகளின் விளம்பரம் வருவது, டாஸ்க்பாரைப் பக்கவாட்டில் வைக்க முடியாமல் போனது, வலது கிளிக் மெனுவில் பாதியை இன்னொரு கிளிக்குக்குப் பின்னால் மறைத்தது ஆகியவை சின்ன எரிச்சல்கள். காசு கொடுத்து வாங்கிய கணினியில் இவற்றைப் பொறுத்துக்கொள்ளத் தேவையில்லை என்பதே நம் கருத்து.

அவசரமாக மாற முடியாதவர்களுக்கு ஓர் இடைக்கால வழி உண்டு. விண்டோஸ் 10-ன் 22எச்2 பதிப்பில் நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புப் புதுப்பிப்புத் திட்டத்தில் சேர்ந்தால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் வரும். 30 டாலர் கட்டலாம். அல்லது மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை கிளவுடில் சேமிக்கச் சம்மதித்தால் இலவசம். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே சேரும் பொத்தான் இருக்கும். அலுவலகக் கணக்கு முடியும் வரை தள்ளிப்போட இது போதும்.

மின்ட் என்ன தருகிறது

லினக்ஸ் மின்ட் 2006 முதல் வருகிறது. தொடங்கியவர் கிளெமென்ட் லெஃபெவ்ர். 22 வரிசை, உபுண்டு 24.04-ஐ அடித்தளமாகக் கொண்டது; 2029 வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு. சினமன், மாட்டே, எக்ஸ்எஃப்சிஇ என்று மூன்று முகங்களில் கிடைக்கிறது. சினமனில் கீழே பட்டை, இடது மூலையில் மெனு, வலது மூலையில் கடிகாரம். விண்டோஸ் 7 பழகியவருக்குக் கை தானாகப் போகும். கணக்கு கேட்காது, விளம்பரம் கிடையாது, அப்டேட்டுக்காகத் தானே ரீஸ்டார்ட் செய்யாது. அப்டேட் மேனேஜர் மூலையில் ஒரு சின்னக் குறியைக் காட்டும். வசதியானபோது நாம் அழுத்தலாம்.

குறைந்தபட்சத் தேவை 2 ஜிபி ரேம், 20 ஜிபி இடம் என்று மின்ட் சொல்கிறது. நடைமுறையில் இதை அப்படியே நம்ப வேண்டாம். பூட் ஆனதும் சினமன் ஏறக்குறைய 1 ஜிபி ரேமை எடுத்துக்கொள்ளும். மீதியை பிரவுசர் தின்றுவிடும். 4 ஜிபி உள்ள கணினிக்கு எக்ஸ்எஃப்சிஇ, 8 ஜிபி உள்ளதற்குச் சினமன். 2 ஜிபி மட்டும் இருந்தால் எந்த லினக்ஸ் போட்டாலும் இன்றைய இணையதளங்கள் திணறும். இன்னொன்றையும் அடித்துச் சொல்லலாம்: சுழலும் ஹார்ட் டிஸ்க் உள்ள மடிக்கணினியில் இயங்குதளத்தை மாற்றுவதால் கிடைக்கும் வேகத்தைவிட 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி மாட்டினால் கிடைக்கும் வேகம் பல மடங்கு. முதலில் எஸ்எஸ்டி, பிறகு மின்ட்.

இன்ஸ்டால் செய்யும் முன்

8 ஜிபி பென் டிரைவ் போதும்; மின்ட் தளத்தில் இறக்கும் ஐஎஸ்ஓ என்ற இன்ஸ்டால் ஃபைல் ஏறக்குறைய 3 ஜிபி. இறக்கியதும் ரூஃபஸில் அந்த ஃபைலைத் தேர்ந்தெடுத்து, பக்கத்தில் உள்ள டிக் குறியை அழுத்தினால், ஃபைல் பழுதில்லாமல் இறங்கியதா என்று சரிபார்க்கும் எஸ்எச்ஏ-256 எண் வரும். மின்ட் தளத்தில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். பாதியில் அறுந்த டவுன்லோடு இன்ஸ்டாலின் நடுவில்தான் காலை வாரும்.

பூட் மெனுவுக்கு டெல், லெனோவோவில் எஃப்12, எச்பியில் எஸ்கேப் தட்டி எஃப்9, ஆசூஸில் எஸ்கேப். ஏசரில் எஃப்12 பல மாடல்களில் அணைத்தே வந்திருக்கும். எஃப்2 அழுத்தி பயாஸுக்குள் போய் அதை இயக்க வேண்டும். பழைய கணினிகளில் அதே பென் டிரைவ் இரண்டு வரிகளில் தெரியும்: ஒன்றில் யுஇஎஃப்ஐ என்ற முன்னொட்டு இருக்கும், மற்றதில் இருக்காது. விண்டோஸை வைத்துக்கொண்டே பக்கத்தில் மின்ட் போடுவதானால் இங்கே கவனம் தேவை. விண்டோஸில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் திறந்து பயாஸ் மோடு என்ற வரியைப் பாருங்கள். லெகசி என்றிருந்தால் முன்னொட்டு இல்லாத வரி, யுஇஎஃப்ஐ என்றிருந்தால் முன்னொட்டு உள்ள வரி. மாற்றித் தேர்ந்தெடுத்தால் இரண்டு இயங்குதளங்களும் ஒன்றையொன்று பார்க்காது. "விண்டோஸ் காணாமல் போய்விட்டது" என்று வரும் புகார்களில் கணிசமானவை இதனால் வந்தவை.

பென் டிரைவிலிருந்தே மின்ட் முழுதாக ஓடும். உடனே இன்ஸ்டாலை அழுத்தாதீர்கள். வைஃபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா, கேமரா, டச்பேட், வெளிச்சக் கட்டுப்பாடு, மூடித் திறந்தால் எழுகிறதா என்று ஒரு மணி நேரம் பாருங்கள். கைரேகை ரீடரை எதிர்பார்க்காதீர்கள். வேலை செய்தால் லாபம். பூட்டில் திரை கறுத்து நின்றால், முதல் மெனுவிலேயே உள்ள காம்பேட்டபிலிட்டி மோடில் நுழைந்து பார்க்கலாம்.

டிஸ்க்கே தெரியவில்லை என்றால், டிஸ்க்கைக் கையாளும் இன்டெல் ஆர்எஸ்டி அல்லது விஎம்டி முறை இயக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம். பயாஸில் அதை ஏஎச்சிஐ என்ற பொதுவான முறைக்கு மாற்ற வேண்டும். ஆனால் நேரடியாக மாற்றினால் விண்டோஸ் பூட் ஆகாமல் நீலத்திரை காட்டும். அதற்கு முறை இருக்கிறது: முதலில் விண்டோஸில் சிஸ்டம் கான்ஃபிகரேஷன் திறந்து, பூட் பிரிவில் சேஃப் பூட் டிக் செய்து ரீஸ்டார்ட், அந்த ரீஸ்டார்ட்டிலேயே பயாஸுக்குள் போய் ஏஎச்சிஐ, விண்டோஸ் சேஃப் மோடில் எழுந்து டிரைவரை மாற்றிக்கொள்ளும், பிறகு டிக்கை எடுத்துவிட்டுச் சாதாரணமாக ரீஸ்டார்ட். டிஸ்க்கில் பிட்லாக்கர் அல்லது டிவைஸ் என்கிரிப்ஷன் இருந்தால் இதையெல்லாம் தொடங்கும் முன்பே அணைத்து, குறியாக்கம் முழுதும் நீங்கும் வரை காத்திருக்க வேண்டும்.

விண்டோஸையும் மின்ட்டையும் ஒரே கணினியில் வைக்கும் இரட்டை பூட்டுக்கு இடம் ஒதுக்கும் வேலையை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலேயே செய்து, 60 ஜிபியாவது காலியாக விடுங்கள். கன்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பையும் அணையுங்கள். அது இயங்கினால் ஷட் டவுன் என்பது பாதித் தூக்கம்தான். அந்த நிலையில் விண்டோஸ் பகுதியை மின்ட்டில் படிக்க மட்டும் முடியும், எழுத முடியாது. இன்ஸ்டாலரில் மல்டிமீடியா கோடெக்ஸ் பெட்டியில் டிக் அடிக்க மறக்க வேண்டாம்.

ஏற்றிய பின் வரும் தொல்லைகள்

இரட்டை பூட் செய்தவர்கள் முதல் நாளே பார்ப்பது கடிகாரக் கோளாறு. மின்ட்டிலிருந்து விண்டோஸுக்குப் போனால் நேரம் சரியாக ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கும். மதர்போர்டு கடிகாரத்தில் இருப்பது உள்ளூர் நேரம் என்று விண்டோஸ் எடுத்துக்கொள்கிறது. அதில் உலகப் பொது நேரத்தை எழுதுவது லினக்ஸ் வழக்கம். இந்திய, இலங்கை நேரத்துக்கும் உலகப் பொது நேரத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்த ஐந்தரை மணி. வன்பொருள் கடிகாரத்தை உள்ளூர் நேரத்தில் வைக்கும்படி மின்ட்டின் டெர்மினலில் டைம்டேட்சிடிஎல் கட்டளையால் ஒருமுறை சொன்னால் தீர்ந்தது. இதைச் செய்யாமல் விட்டால் விண்டோஸில் வங்கித் தளங்கள் சான்றிதழ் பிழை காட்டக்கூடும்.

வைஃபை தெரியவில்லை என்றால் பெரும்பாலும் பிராட்காம் கார்டு. பழைய டெல், எச்பி, லெனோவோ மாடல்களில் பிசிஎம்43142 நிறையவே உண்டு. கைபேசியை யுஎஸ்பி கேபிளில் மாட்டி டெதரிங் போட்டால் இணையம் உடனே கிடைக்கும். பிறகு டிரைவர் மேனேஜரைத் திறந்து பரிந்துரைக்கும் டிரைவரைத் தேர்ந்தெடுத்து ரீஸ்டார்ட் செய்தால் போதும். என்விடியா கார்டுக்கும் அதே இடம்தான். செக்யூர் பூட் இயக்கத்தில் இருக்கும்போது இந்த டிரைவர்களைப் போட்டால் ஒரு கடவுச்சொல் கேட்கும். அடுத்த ரீஸ்டார்ட்டில் நீலநிறப் பட்டியல் ஒன்று சில நொடிகள் தோன்றும். அதில் என்ரோல் எம்ஓகே என்பதைத் தேர்ந்தெடுத்து அதே கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். என்னவோ ஏதோ என்று தாண்டிவிட்டால் டிரைவர் ஏறாது. "போட்டேன், வேலை செய்யவில்லை" என்று நிற்பீர்கள்.

2024 ஆகஸ்ட் மாத விண்டோஸ் அப்டேட் ஒன்று, செக்யூர் பூட்டோடு இரட்டை பூட் வைத்திருந்த பல கணினிகளில் லினக்ஸை எழவிடாமல் செய்தது. மைக்ரோசாஃப்ட் அதை 2025 மே மாதத்தில்தான் சரிசெய்தது. அப்படி மாட்டிக்கொண்டால் பயாஸில் செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்து, மின்ட்டை முழுதாக அப்டேட் செய்துவிட்டுத் திரும்ப இயக்க வேண்டும். ஒரே டிஸ்க்கில் இரண்டையும் வைப்பதைவிட, டெஸ்க்டாப் கணினியானால் இரண்டு தனி எஸ்எஸ்டி வைப்பது நிம்மதி.

டவுன்லோடு மெதுவாக இருந்தால் சாஃப்ட்வேர் சோர்சஸில் மிரர் என்ற நகல் சர்வர்களின் பட்டியலைத் திறந்து பக்கத்து நாட்டு சர்வரைத் தேர்ந்தெடுங்கள். வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

பிரிண்டர்: இங்கேதான் கவனம்

எப்சன் எல் வரிசை டேங்க் பிரிண்டர்களுக்கு டிரைவர் மின்ட்டின் மென்பொருள் களஞ்சியத்திலேயே இருக்கிறது. செருகினால் அச்சடிக்கும். ஸ்கேனுக்கு எப்சன் ஸ்கேன் 2-ஐத் தனியாக எப்சன் தளத்திலிருந்து இறக்க வேண்டி வரலாம். நெட்வொர்க்கில் உள்ள புது பிரிண்டர்கள் பெரும்பாலும் டிரைவரே கேட்காது.

ஜெராக்ஸ் கடைகளிலும் வக்கீல் அலுவலகங்களிலும் நிறைந்திருக்கும் எச்பி லேசர்ஜெட் 1020, எம்1005 வகைகள் வேறு கதை. பிரிண்டரை இயக்கும் ஃபர்ம்வேர் என்ற உள் மென்பொருள் இவற்றுக்குள் நிலையாக இருப்பதில்லை. சுவிட்ச் போடும் ஒவ்வொரு முறையும் கணினிதான் அதை அனுப்ப வேண்டும். மின்ட்டில் எச்பி பிரிண்டர்களுக்கான எச்பிலிப் மென்பொருள் ஏற்கெனவே இருக்கும். ஆனால் அந்த ஃபர்ம்வேர் எச்பியின் தனியுரிமைப் பிளகினில் இருப்பதால் கூடவே வராது. பிரிண்டர் பட்டியலில் பெயர் தெரியும், வேலை அனுப்பியதாகவும் காட்டும், காகிதம் மட்டும் நகராது. டெர்மினலில் எச்பி-பிளகின் கட்டளையை ஓட்டினால் இணையத்திலிருந்து பிளகின் இறங்கும். அதன்பின் பிரிண்டரை அணைத்துப் போட வேண்டும். உள்ளே ரோலர் சுழலும் சத்தம் கேட்டால் ஃபர்ம்வேர் ஏறிவிட்டது. எச்பிலிப் பதிப்பும் பிளகின் பதிப்பும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதால், பெரிய அப்டேட்டுக்குப் பின் திடீரென்று நின்றால் அதே கட்டளையை மறுபடி ஓட்டுவதுதான் மருந்து.

கேனன் எல்பிபி2900 வைத்திருப்பவர்கள் மின்ட்டை நம்பி இறங்க வேண்டாம். கேப்ட் என்ற தனி மொழியில் பேசும் பிரிண்டர் அது. பழைய 32 பிட் துணைக் கோப்புகளைக் கேட்கும் அந்த டிரைவர் ஏறினாலும் இரண்டு பக்கம் அடித்துவிட்டு வரிசையில் தொங்கி நிற்பது வழக்கம். ஒன்று, விண்டோஸ் கணினி ஒன்றை அதற்கென்று விட்டுவையுங்கள். இல்லையேல் அடுத்த பிரிண்டர் வாங்கும்போது லினக்ஸையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

தமிழ் தட்டச்சு

கீபோர்டு அமைப்பில் போய் லேஅவுட் பட்டியலில் தமிழ்நெட் 99-ஐச் சேர்ப்பதுதான் எல்லோரும் முதலில் செய்வது. அதில் தட்டிப் பார்த்து "லினக்ஸில் தமிழ் சரியில்லை" என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். அந்த லேஅவுட்டில் ஒரு விசைக்கு ஓர் எழுத்து, அவ்வளவுதான். முன் வந்த எழுத்தைப் பார்த்துப் புள்ளி வைக்கும் அறிவு அதற்குக் கிடையாது. தமிழ்99-ன் சுகமே அதில்தான் இருக்கிறது: அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டு தட்டினால் அம்மா வர வேண்டும், ப, ந, த, உ என்றால் பந்து. புள்ளிக்கென்று தனித் தட்டு கூடாது.

அதற்கு ஐபஸ் என்ற தட்டச்சு மென்பொருள் வேண்டும். மென்பொருள் தொகுப்புகளை ஏற்றும் சினாப்டிக்கில் ஐபஸ்-எம்17என் தொகுப்பை இன்ஸ்டால் செய்யுங்கள். மெனுவில் இன்புட் மெத்தட் திறந்து, ஃபிரேம்வொர்க்காக ஐபஸைத் தேர்ந்தெடுத்து, லாக் அவுட் செய்து திரும்ப நுழையுங்கள். பிறகு ஐபஸ் பிரிஃபரன்சஸில் தமிழ் என்று தேடி தமிழ்99-ஐச் சேருங்கள். விண்டோஸ் விசையும் ஸ்பேஸும் சேர்ந்தால் ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாறும். அதே பட்டியலில் ஃபொனெட்டிக், டைப்ரைட்டர், இன்ஸ்கிரிப்ட் ஆகியவையும், இலங்கையில் பழக்கமான ரெங்கநாதன் விசைப்பலகையும் உண்டு. லாக் அவுட் செய்யாமல் விட்டால் சில செயலிகளில் மட்டும் தமிழ் வரும், மற்றவற்றில் வராது, குழப்பம் இங்கிருந்துதான். வேலண்ட் என்ற புதிய திரை அமைப்பில் ஓடும் சினமன் அமர்வு இன்னும் சோதனை நிலையில் இருப்பதால், தமிழ் தட்டுபவர்கள் வழக்கமான அமர்விலேயே இருங்கள்.

லிப்ரெஆஃபிஸில் இன்னொரு நுணுக்கம். ஆங்கிலத்துக்கு ஒரு எழுத்துரு, தமிழுக்கு ஒரு எழுத்துரு என்று அது தனித்தனியே வைத்திருக்கும். அளவும் தடிமனும்கூடத் தனி. டூல்ஸ், ஆப்ஷன்ஸ் போய் மொழிப் பகுதியில் காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட் டிக் செய்து தமிழைத் தேர்ந்தெடுங்கள். பிறகு ஸ்டைலில் இரண்டு எழுத்துருக்களையும் அமையுங்கள். இதைச் செய்யாததால்தான் தலைப்பை 16 புள்ளிக்கு மாற்றியும் தமிழ் மட்டும் 12-லேயே நிற்கிறது. விண்டோஸில் லதா, நிர்மலா எழுத்துருவில் தயாரித்த ஆவணம் இங்கே லோஹித் அல்லது நோட்டோவில் திறக்கும். வரி நீளம் மாறி, பக்க முறிவுகள் நகரும். அச்சுக்குப் போகும் கோப்பானால் பிடிஎஃப் ஆக்கியே பரிமாறுங்கள்.

பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்தவை. எழுத்துரு ஃபைலை நகலெடுத்தால் இங்கேயும் திறக்கும், ஆங்கில விசையிலேயே தட்டவும் முடியும். வானவில் அவ்வையாரில் தட்டச்சு விண்டோஸ் மென்பொருளோடு பிணைந்தது. பழைய ஆவணங்களை யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டு வருவதுதான் நிரந்தரத் தீர்வு. நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும்: விண்டோஸ் 10-லேயே தமிழ்99 உள்ளுக்குள் வந்துவிட்டது, அமைப்பதும் அங்கே எளிது. தமிழ் தட்டச்சுக்காக மட்டும் யாரும் மின்ட்டுக்கு வர வேண்டியதில்லை. ஆனால் ஸ்கேன் செய்த தமிழ்ப் பக்கத்தை எழுத்தாக்க வேண்டுமானால் களஞ்சியத்திலேயே இருக்கும் டெசராக்டின் தமிழ்த் தொகுப்பும் ஜிஇமேஜ்ரீடரும் போதும். இலவசம், இணையமும் வேண்டாம்.

யாருக்கு ஒத்துவராது

டேலி பிரைம் விண்டோஸுக்கு மட்டும்தான். விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டப் பார்க்கும் வைன் வழியாக ஓட்டும் முயற்சிகளில் கணக்கு வழக்கை நம்பி ஒப்படைக்க வேண்டாம். கோரல்டிரா, போட்டோஷாப், பேஜ்மேக்கர் கொண்டு பிழைக்கும் டிடிபி கடைக்கும் மின்ட் உதவாது. இங்க்ஸ்கேப், கிம்ப், ஸ்கிரைபஸ் நல்லவை. ஆனால் வாடிக்கையாளர் கொண்டு வரும் சிடிஆர் ஃபைல் அவற்றில் ஒழுங்காகத் திறக்காது. ஜிஎஸ்டி, கம்பெனி பதிவு, டெண்டர் வேலைகளுக்கு யுஎஸ்பி டோக்கனில் கையெழுத்திடுபவர்கள் ஒரு விண்டோஸ் பகுதியைக் கட்டாயம் வைத்திருக்க வேண்டும். டோக்கனுக்கு லினக்ஸ் டிரைவர் இருந்தாலும், பிரவுசர், ஜாவா, கையொப்பச் செயலி மூன்றும் ஒத்துப்போவது அபூர்வம். கடைசித் தேதியன்று இரவில் அதோடு மல்லுக்கட்ட முடியாது. எக்செல் மேக்ரோக்களில் ஓடும் அலுவலகமும் அப்படியே. லிப்ரெஆஃபிஸ் சாதாரணத் தாள்களைத் திறக்கும், மேக்ரோக்கள் எழுதப்படும் விபிஏ மொழி சிக்கலானால் தடுமாறும்.

விளையாட்டில் ஸ்டீம் தளத்தின் புரோட்டான் நிறைய விண்டோஸ் விளையாட்டுகளை ஓட்டுகிறது. வேலரன்ட், ஃபோர்ட்நைட் ஓடாது. ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் லினக்ஸை அனுமதிப்பதில்லை. ப்ளூஸ்டாக்ஸும் கிடையாது.

இவை எதுவும் இல்லாமல் பிரவுசர், யூடியூப், வாட்ஸ்அப் வெப், ஜூம், கடிதம், பிள்ளைகளின் பாடம், பைத்தான் என்று போகும் வீட்டுக்கு மின்ட் தாராளமாகப் போதும். கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிப்பவர்களுக்கு விண்டோஸைவிடவே மேல். கம்பைலர்கள் எல்லாம் களஞ்சியத்தில் ஒரு கிளிக்கில் இருக்கும்.

மாற்றுகளும் உண்டு. ஜோரின் ஓஎஸ் 18 விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்த அதே நாளில் வெளியானது. தோற்றம் மின்ட்டைவிட நவீனம், பழைய கணினியில் சற்றே பாரம். உபுண்டு 24.04-ல் ஃபயர்ஃபாக்ஸ் ஸ்னாப் என்ற தனித் தொகுப்பு வடிவில் வருவதால் ஹார்ட் டிஸ்க் கணினியில் முதல் முறை திறக்க நேரமெடுக்கும். மின்ட் ஸ்னாப்பைத் தவிர்த்துவிடுகிறது. கேடிஇ என்ற இன்னொரு டெஸ்க்டாப் முகம் பிடித்தவர்களுக்கும் 4கே திரை வைத்திருப்பவர்களுக்கும் ஃபெடோராவின் கேடிஇ பதிப்பைச் சொல்லலாம். 125, 150 சதவீத அளவு மாற்றத்தில் சினமன் இன்னும் பின்தங்கியே இருக்கிறது. பிரவுசர் மட்டும் போதும் என்றால் குரோம்ஓஎஸ் ஃபிளெக்ஸ் இருக்கிறது. ஆனால் ஆண்ட்ராய்டு செயலிகள் அதில் வராது, கூகுள் கணக்கும் வேண்டும்.

மின்ட்டை ஏற்றிய முதல் நாளே டைம்ஷிஃப்ட் என்ற மீட்புக் கருவியைத் திறந்து, இயங்குதளத்தின் நிலையைச் சேமிக்கும் ஸ்னாப்ஷாட் அமைத்துவிடுங்கள். ஓர் அப்டேட் கெடுத்துவிட்டால் பென் டிரைவிலிருந்து பூட் செய்து முந்தைய நாள் நிலைக்குத் திரும்பலாம். தினசரி இரண்டு, வாராந்திரம் ஒன்று போதும். அதற்கு மேல் வைத்தால் 128 ஜிபி எஸ்எஸ்டி சீக்கிரமே நிரம்பிவிடும். அப்டேட் மேனேஜரின் பிரிஃபரன்சஸில் ஆட்டோமேஷன் பகுதியில் பழைய கெர்னல்களைத் தானாக நீக்கும் சுவிட்சையும் போட்டுவிடுங்கள். டைம்ஷிஃப்ட் இயல்பாக ஹோம் ஃபோல்டரைத் தொடாது. அதனால் படங்களுக்கும் ஆவணங்களுக்கும் வெளி டிஸ்க்கில் தனி நகல் வேண்டும்.